கழிவு என்று தொடங்கும் கோப்புகள்

வீடு மாறுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைச் செய்கிறார்கள். கண்ணில் பட்டதையெல்லாம் வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். கம்பி ஒடிந்த குடை, பூட்டு தொலைந்த சாவி, காலாவதியான மருந்து எல்லாம் புது வீட்டுக்கும் கூடவே வரும். பிறகு அவசரத்துக்கு ஒரு கத்தரிக்கோல் தேடினால் கிடைக்காது. எங்கள் தொழிலிலும் இதே கதைதான். பலபேர் சேர்ந்து ஒரு கணினி நிரலை எழுதும்போது எல்லாருடைய வேலையும் ஒரு பொது இடத்தில் போய்ச் சேரும். நாங்கள் ரெப்போ என்போம், நீங்கள் கிடங்கு என்றே எழுதிக்கொள்ளலாம். அந்தக் கிடங்குக்குள் எதெது போகக் கூடாது என்று சொல்ல ஒரு சின்னக் கோப்பு உண்டு. விலக்குப் பட்டியல். அதில் ஒரு பெயரை எழுதிவிட்டால் அந்தப் பெயருள்ள கோப்புகள் வாசலிலேயே நின்றுவிடும். அழியாது. இருந்த இடத்தில் இருக்கும். உள்ளே மட்டும் போகாது. அப்படி நின்றுபோனது பற்றி யாருக்கும் ஒரு வார்த்தை தகவலும் வராது.

நான் எதையும் அழிக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்டுவிட்டு வந்திருக்கிற பதிவுகள் எல்லாம் என் லேப்டாப்பில், என் மனைவி பேசிய அன்று எப்படி இருந்தனவோ அப்படியே இருந்தன. ஒளித்து வைத்தேன் என்று எஃப்.ஐ.ஆரில் எழுதியிருக்கிறீர்கள். விலக்குப் பட்டியல் எல்லாரும் திறந்து பார்க்கக்கூடிய கோப்பு. யாரும் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

என் மனைவி நீச்சல் பயிற்சியாளர். ஊர்ப் பொது நீச்சல்குளத்தில் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுத்தாள். பிள்ளைகள் அவளை விசில் டீச்சர் என்று கூப்பிடுவார்கள். அவளிடம் விசில் கிடையாது. அவளுக்குத் தேவையும் இல்லை. குளத்தின் அந்தக் கோடியில் தலை முங்கிக் கிடக்கிற பையனுக்கும் கேட்கிற குரல். தண்ணீரிலும் ஓடுகள் பதித்த சுவரிலும் பட்டு அது திரும்பி வரும்போது, வெளியே வண்டியை நிறுத்திக் காத்துக்கொண்டிருக்கிற எனக்குத் தெரியும், இன்றைக்கு என்ன மனநிலையில் வீட்டுக்கு வருவாள் என்று.

வீட்டில் நாங்கள் சண்டை போடுவோம். மறைக்க ஒன்றுமில்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லியிருப்பார்கள். அவள் கத்துவாள். நான் கத்துகிற ஆள் இல்லை. பேசாமல் இருந்துவிடுவேன். ஒரு வாரம், பத்து நாள், அவளாக வந்து மன்னிப்புக் கேட்கும்வரை. அதில் ஒரு தப்பும் இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை. ஒரு வீட்டில் இரண்டு பேரும் கத்தினால் என்ன ஆவது.

முதலில் போனது ழகரம். நீந்தும் பிள்ளைகளுக்குச் சுற்று எண்ணிக்கொண்டிருந்தவள், ஐந்து, ஆறு, ஏயு என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள், "நாக்கு சண்டித்தனம் பண்ணுதுங்க." பிறகு ளகரமும் ரகரமும் ஒன்றையொன்று முட்டிக்கொள்ள ஆரம்பித்தன. நரம்பு மருத்துவர் படங்களைப் பார்த்துவிட்டு, தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினார். இது நரம்பைத் தின்கிற நோய். முதலில் குரல் போகும், பிறகு கை, கால், விழுங்குவது, மூச்சு. மருந்து பெரிதாக ஒன்றுமில்லை. "குரல் இருக்கும்போதே பதிஞ்சு வெச்சுக்குங்கம்மா," என்றார். "பின்னாடி உதவும்."

அவளுக்கு ஒரு தங்கை. வீட்டில் சின்னவள் என்போம். வேறு ஊரில் கணவன், இரண்டு குழந்தைகளோடு இருக்கிறாள். அவளும் என்னைப் போலவே நிரல் எழுதுகிறவள். விஷயம் தெரிந்ததும் போனில் நிறைய அழுதாள். அழுது முடித்துவிட்டு, செய்ய வேண்டியதைப் பேச ஆரம்பித்தாள். "அத்தான், நாமளே ஒண்ணு செஞ்சுடலாம். கடையில விக்கிற மெஷின் குரல் அக்காவுக்கு வேணாம். அவ குரலே பேசட்டும்." அப்படித்தான் குரல் பலகை உருவானது. என் மனைவி வாக்கியம் வாக்கியமாகப் பேசிப் பதிய வேண்டும். ஒவ்வொரு வாக்கியமும் ஒரு கோப்பு. அவை கிடங்குக்குப் போகும். கட்டிலோரம் வைக்கிற டேப்லெட் கிடங்கிலிருந்து எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு பொத்தான் காட்டும். விரலால் அழுத்தினால் அவள் குரல் பேசும். நிரலை இருவரும் எழுதினோம். கிடங்குப் பொறுப்பு என்னுடையது, மூத்தவன் என்பதால்.

படுக்கையறையில் துணி அலமாரியைத் திறந்து வைத்து, தலையைச் சுற்றிப் போர்வை போட்டுக்கொண்டு, சேலைகளுக்கு நடுவில் உட்கார்ந்து பேசுவாள். எதிரொலி வராமல் இருக்க அதுதான் வழி. "தண்ணி வேணும்." "ஜன்னலத் திறங்க." "கால நீட்டி விடுங்க." "நன்றி." குளத்தில் கத்திய குரல் போர்வைக்குள் சின்னதாக ஒலிக்கும். நான் கேட்டுக்கேட்டு வெட்டுவேன். இருமல், தொண்டைக் கனைப்பு, பாதியில் குழறிப்போனது, மேல்வீட்டில் ஆணி அடிக்கிற சத்தம் எல்லாவற்றையும் தனியாக எடுத்து, பெயருக்கு முன்னால் கழிவு என்று சேர்த்துவிடுவேன். விலக்குப் பட்டியலில் ஒரே ஒரு வரி எழுதினேன். கழிவு என்று தொடங்கும் எதுவும் கிடங்குக்குப் போகாது. சின்னவள் பார்த்துவிட்டு, "நல்லதாப் போச்சு அத்தான், இல்லாட்டி கிடங்கு வீங்கிடும்," என்றாள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கடைக்குப் போயிருந்தபோது அவள் தனியாகப் பதிந்திருந்தாள். திரும்பி வந்தபோது போர்வையை மடித்து வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அப்போதே அவள் பேசுவது பழக்கப்பட்ட காதுக்குத்தான் புரியும்.

"இன்னைக்குப் பதிஞ்சதக் கேட்டுட்டு கோவப்படாதீங்க," என்றாள். "நேர்ல சொல்ல எனக்கு வாய் வரல. நாளைக்குச் சொல்லலாம்னா வாயே இருக்காது. எல்லாத்தையும் ஏத்திடுங்க. எதையும் விட்டுடாதீங்க."

சரி என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்படிப் பிடித்து ரொம்ப நாளாகியிருந்தது.

அந்தப் பதிவை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். இருந்தாலும் என் வாயால் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். சொல்கிறேன். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித் தருகிற மாதிரி சொல்லியிருந்தாள். "என்னைத் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிடுங்க. கடைசிக் காலத்துல நான் இவரோட இருக்க விரும்பல." நாக்கு அவ்வளவு குழறிய நாளில் ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. எத்தனை முறை பேசிப் பார்த்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு அதிர்ச்சி என்று சொல்ல முடியாது. நோய் வருவதற்கு முன்பே என் மனைவி சின்னவளின் ஊர் நீச்சல்குளத்தில் வேலை கேட்டு எழுதியிருந்தாள். எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது. நோய் வந்ததும் அந்தப் பேச்சு நின்றுபோனது. நோயிலும் ஒரு நன்மை உண்டு என்று நான் நினைத்ததை இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனால் நினைத்தேன்.

அந்தக் கோப்பின் பெயருக்கு முன்னால் கழிவு என்று சேர்த்தேன். ஒரு வாரத்துக்கு மட்டும் என்றுதான். நோயாளிகள் ஆயிரம் சொல்வார்கள், களைப்பில் பேசியதை எல்லாம் மனதில் வைத்துக்கொள்ள முடியுமா. ஆறப் போட்டால் அவளே மறந்துவிடுவாள் என்று பட்டது.

அவள் மறக்கவில்லை. பேச்சு முழுதாக நின்று, வலது கையில் ஒரு விரல் மட்டும் மிஞ்சிய பிறகு, டேப்லெட்டை முதன்முதலாகக் கட்டிலில் பொருத்தினேன். அவள் பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனாள். கடைசிப் பக்கம் வந்ததும் திரும்ப முதலிலிருந்து தேடினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இன்னும் ஏத்தலம்மா," என்றேன். "அடுத்த தடவை."

அவள் தேடிப் பிடித்து ஒரு பொத்தானை அழுத்தினாள். "சரி."

அந்த ஒரு கோப்போடு நின்றிருக்கலாம். ஆனால் பராமரிப்பு என்பது புத்தகத்தில் படிக்கிற விஷயம் இல்லை. நான் வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தேன். குளிப்பாட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது, சளி உறிஞ்சுவது எல்லாம் நான்தான். திருப்பும்போதெல்லாம் "வலிக்குது" என்று அழுத்துவாள். திருப்பாமலும் இருக்க முடியாது. அதே வாக்கியம், அதே ஏற்ற இறக்கம், ஒரு நாளில் எத்தனை தடவை. மாத்திரை வேளாவேளைக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் சொல்வதால் கூடப்போவதும் இல்லை, சொல்லாவிட்டால் குறையப்போவதும் இல்லை. அந்தக் கோப்பும் கழிவுக்குப் போயிற்று. டேப்லெட் அடுத்த முறை கிடங்கிலிருந்து புதுப்பித்துக்கொண்டபோது அந்த இடத்தில் "ஜன்னலத் திறங்க" வந்து உட்கார்ந்தது.

பிறகு "வேண்டாம்." அது இருந்தவரை கஞ்சி அரைக் கிண்ணத்துக்கு மேல் இறங்காது. எடுத்த பிறகு முழுக் கிண்ணமும் இறங்கியது. மருத்துவரே எடை கூடியிருக்கிறது என்று பாராட்டினார். "பயமா இருக்கு" என்பதை அவள் நல்லதுக்காக எடுத்தேன். "ஆமா", "இல்ல" இரண்டும் எப்போது போயின என்று கேட்டீர்கள். நினைவில்லை. கோப்பின் தேதியைப் பாருங்கள், அது பொய் சொல்லாது.

சின்னவள் சும்மா இருக்கவில்லை. கண் பார்வையாலேயே எழுத்து எழுத்தாகத் தேர்ந்து எழுதுகிற மாதிரி ஒரு எழுத்துப் பலகையை ராப்பகலாக உட்கார்ந்து எழுதினாள். இது எனக்குக் கவலையாக இருந்தது. பொத்தானை எடுத்துவிடலாம். எழுத்துகளை என்ன செய்வது. எந்த எழுத்தோடு எந்த எழுத்து சேரும் என்று யாரால் காவல் காக்க முடியும். சோதனை என்று ஒரு ஃபோல்டர் இருந்தது, அரைகுறை வேலைகளைப் போட்டு வைக்க. அது முதல் நாளிலிருந்தே விலக்குப் பட்டியலில் இருக்கிறது. "இப்போதைக்கு அதுலயே வெச்சுக்கோம்மா, நல்லா ஓடுனா வெளிய எடுத்துக்கலாம்," என்றேன். வைத்தாள். அவள் கணினியில் எல்லாம் அழகாக வேலை செய்தது. கிடங்குக்கு எதுவுமே வந்து சேரவில்லை. எங்கள் தொழிலில் இது தினம் நடக்கிற கூத்துதான்.

"அக்கா அதுல எழுதுறாளா அத்தான்?" என்று கேட்பாள்.

"கண்ணு சீக்கிரம் சோர்ந்துடுதும்மா," என்பேன்.

வாரத்துக்கு ஒருமுறை வீடியோவில் வருவாள். சின்னக் குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் இருந்ததால் நேரில் வர முடியவில்லை. ஒரு முறை அழைத்தபோது திடீரென்று கேட்டுவிட்டாள். "அக்கா, நான் வந்து உன்னைக் கூட்டிட்டு வந்துடட்டுமா? இங்க என்கூட இருக்கியா?"

என் மனைவியின் விரல் மெல்ல நகர்ந்தது. "சரி," என்றது டேப்லெட். "சரி. சரி. சரி."

சின்னவள் என்னைப் பார்த்தாள். நான் சிரித்தேன். "இப்பல்லாம் எதைக் கேட்டாலும் சரிதான். தலைகாணிய மாத்தட்டுமான்னாலும் சரி, மாத்த வேணாமான்னாலும் சரி. இங்க பாரு." கட்டில் பக்கம் குனிந்தேன். "நீ என்கூடவே இங்க இருக்கியாம்மா?"

விரல் இன்னும் அந்தப் பொத்தானின் மேலேயே இருந்தது. எடுக்க முயன்றாள் என்று நினைக்கிறேன். அவ்வளவு சீக்கிரம் அவளால் எடுக்க முடியாது.

"சரி."

சின்னவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க சொல்றது புரியுது அத்தான்," என்றாள். அழைப்பு முடிந்ததும் அந்தப் பொத்தானையும் எடுத்துவிட்டேன். அர்த்தமில்லாத சொல்லை வைத்து என்ன பயன்.

வாரம் ஒருமுறை ஒரு நர்ஸ் வருவார். நல்ல பெண்மணி, அவர்மேல் ஒரு தவறும் இல்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். கண் சிமிட்டினால் ஆமாம் என்று வைத்துக்கொள்ளலாமா என்று முதலில் கேட்டார். "அது நரம்புத் துடிப்பு சிஸ்டர், நம்பாதீங்க," என்றேன். "வேணுங்கறத பலகையில அழுத்துவா." பலகையில் அப்போது நான்கைந்து பொத்தான்கள்தான். நன்றி. தண்ணி வேணும். ஜன்னலத் திறங்க. தூக்கம் வருது. நல்லா இருக்கேன்.

கடைசி மாதத்தில் அவள் தண்ணி வேணும் என்பதை விடாமல் அழுத்த ஆரம்பித்தாள். நர்ஸ் வந்த அன்றும் அப்படித்தான். நர்ஸ் கரண்டியில் தண்ணீர் எடுத்து உதட்டருகே கொண்டுபோனார். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். கரண்டி விலகியதும் மறுபடி அழுத்தினாள். தண்ணி வேணும், தண்ணி வேணும், தண்ணி வேணும்.

"கேக்குறாங்க, குடுத்தா வாங்க மாட்டேங்குறாங்களே சார்," என்றார் நர்ஸ். "வேற ஏதோ சொல்றாங்களோ?"

"விரல் தானா அழுத்துது," என்றேன்.

நர்ஸ் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். லேசான சூடு. அவள் கண் முழுவதும் நர்ஸ்மேல்தான் இருந்தது. குளத்தில் மூழ்கப்போகிற குழந்தை கரையில் நிற்கிறவரைப் பார்க்குமே, அப்படி. அந்தப் பார்வையை அவள்தான் எனக்கு ஒருமுறை சொல்லிக் காட்டினாள். மூழ்குகிறவர்கள் கத்த மாட்டார்களாம், சத்தமே வராதாம், கண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டுமாம்.

நர்ஸ் போன பிறகு தண்ணீர்ப் பொத்தானையும் எடுத்தேன். தண்ணீரை நானே வேளைக்குக் கொடுத்துவிடலாம். ஓயாத அந்தச் சத்தம் நின்றது. அதற்குப் பிறகு அவள் எதையும் அழுத்தவில்லை. விரல் போர்வைமேல் அப்படியே கிடந்தது.

இன்னொன்றையும் நீங்கள் கேட்காமலே சொல்கிறேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்தக் கழிவுக் கோப்புகளைத் தினமும் நான் கேட்டேன். ஒன்றுவிடாமல். இருமலைக்கூட. அவள் என்னைப் பார்த்தபடி படுத்திருப்பாள், நான் அவள் குரலைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பேன். எனக்கு அழுகை வரும். அவளுக்குத் துடைத்துவிடுகிற துண்டிலேயே நானும் துடைத்துக்கொள்வேன். அவள் குரல் இல்லாமல் என்னால் ஒரு நாள் தள்ள முடியவில்லை. இதை நீங்கள் எப்படி எழுதுவீர்கள் என்று தெரியவில்லை, ஆனால் உண்மை.

மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது நேரம் கடந்திருந்தது. சிறுநீரகத்தில் கல் அடைத்து, சீழ் பிடித்து, அது ரத்தத்தில் கலந்துவிட்டது. நோய் அவளைக் கொண்டுபோக இன்னும் வருஷங்கள் ஆகியிருக்கும் என்றார் இளம் மருத்துவர். "இதுக்கு உயிர் போற மாதிரி வலிச்சிருக்கணும் சார். வாரக்கணக்கா. அவங்க ஒண்ணுமே சொல்லலையா?"

"இல்ல டாக்டர்," என்றேன். "ஒண்ணுமே சொல்லல."

அது பொய் இல்லை.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு சின்னவள் மட்டும் தங்கினாள். "அக்கா குரல் எனக்கு வேணும் அத்தான். எல்லாத்தையும் குடுங்க," என்றாள். லேப்டாப்பை நானே எடுத்துக் கொடுத்தேன். மறைக்கிறவன் கொடுப்பானா. அவள் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கூடத்தில் இருந்தேன். வெகுநேரம் கழித்து வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. என்னைத் திட்டவில்லை, கத்தவும் இல்லை. அக்கா மாதிரி இல்லை அவள்.

"வலிக்குதுன்னு சொல்லியிருக்கா," என்றாள். "அது ஏன் அத்தான் பலகையில இல்ல?"

நான் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன்.

"என்கிட்ட வரணும்னு சொல்லியிருக்கா. அவ சரி சரின்னு சொன்னப்போ நான் அவள நம்பாம நீங்க சொன்னத நம்பிட்டேனே."

செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவில் இறங்கிப் போனாள். அங்கிருந்து நேரே உங்களிடம் வந்திருக்கிறாள்.

ஆக, நீங்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான். ஆமாம். அவள் வலியைச் சொல்லவிடாமல் செய்தது நான். போகிறேன் என்று சொல்லவிடாமல் செய்ததும் நான். சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாள். யாரும் என்னைத் தூண்டவில்லை, புத்தி பேதலித்தும் செய்யவில்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். அவள் என்னோடு இருக்க விரும்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசிய பேச்சு. அதற்குப் பிறகு எத்தனையோ மாதங்கள் நாங்கள் இருவரும் ஒரே அறையில் இருந்தோம். நான் அவளுக்குத் தலைவாரிவிட்டேன், ஊட்டிவிட்டேன், ஒரு நாள்கூட எங்களுக்குள் சண்டை வரவில்லை. அவள் மனம் மாறியிருந்தது. மாறாமல் இருந்திருந்தால் என்னிடம் சொல்லியிருப்பாள்.